ரிலக்டன்ட்டா, ரெட்டிசன்ட்டா? கோடிட்ட இடத்தில் தடுமாறுகிறேன்

கேள்வி:
வங்கி கிளார்க் தேர்வுக்குப் படிக்கிறேன். தமிழ் வழியில் படித்தவன். நேற்றுப் பயிற்சித் தாளில் இது வந்தது:

தோ ஹி இஸ் யூஷுவலி டாக்கட்டிவ், த மேனேஜர் வாஸ் ____ அட் த மீட்டிங்.

கொடுத்திருந்தவை: ரிலக்டன்ட், ரெட்டிசன்ட், எலக்வென்ட், கேருலஸ். நான் ரிலக்டன்ட் போட்டேன். விடை ரெட்டிசன்ட்டாம். என் குறிப்பேட்டில் இரண்டுக்கும் ‘தயங்குகிற’ என்றுதான் இருக்கிறது. அப்புறம் எப்படிப் பிரிப்பது? ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் போகிறது.

பதில் 1:
தம்பி, சிக்கல் அந்தக் குறிப்பேட்டில்தான். முதலில் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை மட்டும் படியுங்கள். ‘தோ’ வந்தால் ஒரு பாதி சொன்னதற்கு மறு பாதி எதிராகப் போகும். வழக்கமாக நிறையப் பேசுகிறவர் என்று முன்பாதி சொல்லிவிட்டது. அப்படியானால் அன்று அவர் அதிகம் பேசவில்லை. இதைத் தமிழிலேயே மனதில் முடிவு செய்துகொண்டு பிறகு கையை எடுங்கள்.

எலக்வென்ட் அழகாகப் பேசுவது, கேருலஸ் ஓயாமல் பேசுவது. இரண்டும் போயின. ரிலக்டன்ட் ஒரு செயலைச் செய்ய மனம் வராத தயக்கம்: ரிலக்டன்ட் டு பே, ரிலக்டன்ட் டு லீவ். மேனேஜர் எதைச் செய்யத் தயங்கினார்? வாக்கியத்தில் இல்லை. ரெட்டிசன்ட் என்பதோ மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாத குணம். அதன் லத்தீன் வேருக்குப் பொருள் ‘பேசாதிருத்தல்’. ரிலக்டன்ட்டின் வேர் ‘எதிர்த்து மல்லுக்கட்டுதல்’. எனக்கு இது தெரிந்த பிறகு குழப்பமே வந்ததில்லை.

பதில் 2:
அக்கா சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ‘ரெட்டிசன்ட் டு’ என்று ரிலக்டன்ட் பொருளில் எழுதுகிறவர்கள் இன்று நிறைய. மெரியம் வெப்ஸ்டர் அகராதியும் அந்தப் பொருளைத் தருகிறது. அதனால் ‘டு’வை மட்டும் நம்பி விடை போடாதீர்கள். இங்கே உறுதியான துப்பு டாக்கட்டிவ்.

கேட்டவர்:
இப்போது புரிகிறது, நன்றி அக்கா. இன்னொன்றை நானே முயன்றேன்: த ரெயின் ஹேட் லிட்டில் ____ ஆன் த க்ராப். அஃபெக்ட்டா, எஃபெக்ட்டா? முன்னால் ‘லிட்டில்’, பின்னால் ‘ஆன்’. பெயர்ச்சொல்தான் வரும், எனவே எஃபெக்ட். சரியா?

பதில் 1:
சரி. அதுவே ‘த ரெயின் டிட் நாட் ____ த க்ராப்’ என்றால் வினைச்சொல் வேண்டும், அஃபெக்ட். ‘ஆன்’ தேவைப்படாது. இனிக் குறிப்பேட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று எழுதாமல், இந்த இரண்டு வாக்கியங்களையும் அப்படியே எழுதி வையுங்கள்.