மாண்டிஸ் இறால்: வலையில் வந்ததும் பவளப்பாரில் இருப்பதும் ஒன்றா?

கிண்ணியாக்காரன்:
திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் வாப்பாவோடு வலைக்குப் போன காலத்தில் நடந்தது. விடியப்புறம் மீன் கழற்றும்போது நண்டுகளுக்கு நடுவில் ஒரு சாண் நீளத்தில் வெளிறின இறால் மாதிரி ஒன்று, கும்பிடுபூச்சி போல முன்காலை மடித்துக்கொண்டு கிடந்தது. "அதில கை வைக்காத மகன்" என்று வாப்பா சொல்லி முடிக்க முதல் பெருவிரல் கிழிந்துவிட்டது. ஒரே வெட்டாக இல்லை, வரிசையாக ஐந்தாறு குத்து. சரி, வாலில் பிடிப்போம் என்றால் வாலிலும் முள். மாண்டிஸ் இறால் கண்ணாடி மீன்தொட்டியை உடைக்கும் என்கிறார்களே, அது இதுதானா?

நிலாவெளி டைவர்:
இல்லை தம்பி, உங்களைக் குத்தியது ஈட்டிக்காரன், தொட்டி உடைப்பவன் சுத்தியல்காரன். சொந்தக்காரர்கள்தான், தொழில் வேறு. ஈட்டிக்காரன் சேற்றிலும் மணலிலும் குழி தோண்டி, கண்ணை மட்டும் வெளியே விட்டுக் காத்திருந்து மீனைக் குத்துவான். மற்றவனுக்கு ஆயுதம் முள் இல்லை, முன்காலில் குமிழ் மாதிரித் திரண்ட மூட்டு. இரண்டு பேரும் உண்மையில் இறாலே இல்லை, தனி வரிசை.

மயில் நிறத்துச் சுத்தியல்காரனை நான் கண்டது புறாத்தீவுப் பக்கம், ஒரு ஜூன் மாதம், பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில். முதலில் கண்ணில் பட்டது அவன் இல்லை, முருகைக்கல்லின், அதாவது பவளப்பாறையின், அடியில் குவிந்திருந்த உடைந்த சிப்பியும் நண்டோடும்தான். பக்கத்தில் ஒரு குழி. மூச்சை அடக்கமாக விட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் காம்பு வைத்த இரண்டு கண் மேலே வந்தது, ஒன்று என்னைப் பார்க்கிறது, மற்றது பின்னால் போகும் மீனைப் பார்க்கிறது. அப்புறம் பச்சை உடம்பு, சிவந்த கால்கள், கழுத்தோரம் சிறுத்தைப் புள்ளி. கல்துண்டுகளை அணைத்துத் தூக்கி வந்து வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பப் போனான், முற்றம் கூட்டுகிற ஆள் மாதிரி. உள்ளே போனவன் எதையோ அடிக்கிறான், டொக், டொக் என்று எனக்கே கேட்டது.

அந்த அடி வெறும் தசையால் வருவதில்லை. முன்காலில் குதிரைச் சேணம் போல வளைந்த ஓட்டுத் துண்டு ஒன்று உண்டு, தசை அதை மெதுவாக இறுக்கிக் கொக்கி போட்டு வைக்கும், கொக்கி விட்டதும் நாணில் இருந்து அம்பு போனமாதிரி. 2004இல் அளந்தபோது செக்கனுக்கு 23 மீற்றர் வரை வந்தது. அந்த வேகத்தில் தண்ணீரே ஆவிக்குமிழாகி உடையும், அதுவும் சிப்பிக்கு இன்னொரு அடி. கண்ணைப் பற்றித்தான் கூடக் கதை அளக்கிறார்கள்: நிறம் பிடிக்கும் உணரி பன்னிரண்டு வகை இருந்தாலும், 2014இல் சோதித்தபோது அடுத்தடுத்த நிறங்களைப் பிரித்தறிவதில் நம்மைவிட மோசம்.

அது கிடக்கட்டும், விரலைக் கிழித்தவனை என்ன செய்தீர்கள்?

கிண்ணியாக்காரன்:
ஆணத்தில் போட்டோம் நானா. ஓடுதான் பெரிசு, சதை ஒரு விரல் அளவு.