பில்லி பேக்கர்: அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களின் அனுபவங்கள்

ராலே, வட கரோலினா:

2007ஆம் ஆண்டு வேலை நிமித்தமாக நான் இந்த மாநிலத்துக்கு வந்தபோது, கூடைப்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளி மைதானத்தில் ஆடிப் பழகிய அளவுதான். மார்ச் மாதம் பிறந்ததும் அலுவலகத்தில் வேறு பேச்சே இருக்காது என்பதையும், கல்லூரி மாணவர்கள் ஆடும் ஓர் ஆட்டத்துக்காக ஊரே தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடும் என்பதையும் வந்த பிறகுதான் அறிந்தேன். 2008 ஏப்ரல் 5 அன்று சான் அன்டோனியோவில் நடந்த தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியைப் பார்க்க, உடன் பணிபுரிபவர் ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். எங்கள் மாநிலத்தின் நார்த் கரோலினா பல்கலைக்கழக அணி, கேன்சஸ் அணியிடம் முதல் பாதியிலேயே 40-12 என்று பின்தங்கிப் போனது. அந்தச் சரிவின் நடுவே, சிபிஎஸ் தொலைக்காட்சியில் வர்ணனை செய்துகொண்டிருந்த பில்லி பேக்கர், ஆட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

அறையில் இருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். இரண்டாம் பாதியில் எங்கள் அணி மீண்டு வந்து 54-50 என்று நெருங்கியபோது, கேன்சஸைவிட அந்த வர்ணனையாளரைத் தோற்கடிக்க வேண்டும் என்பதே அங்கிருந்தவர்களின் வேகமாக இருந்தது. இறுதியில் கேன்சஸ் 84-66 என்று வென்றது. எல்லோரும் எழுந்து விடைபெறும் நேரத்தில், வீட்டுக்காரரின் வயதான தந்தை, "பேக்கர் வேற்றூர்க்காரர் அல்லர், இங்குள்ள வேக் ஃபாரஸ்ட் கல்லூரியில் நம் கண்ணெதிரே ஆடியவர்" என்று அமைதியாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் பேக்கரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1940இல் நியூயார்க் மாநிலத்தின் வெல்ஸ்வில்லில் பிறந்து, பென்சில்வேனியாவின் பெத்லஹேமில் வளர்ந்தவர் அவர். அவருடைய தந்தை லீஹை பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் என்பதால், ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்கும் கண் வீட்டிலேயே வாய்த்திருக்க வேண்டும். வேக் ஃபாரஸ்டில் போன்ஸ் மெக்கின்னியின் பயிற்சியில், பந்தை நகர்த்திச் செல்லும் கார்ட் என்ற இடத்தில் ஆடி, சக ஆட்டக்காரர் லென் சாப்பலோடு சேர்ந்து 1961, 1962 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வட்டாரக் கல்லூரிகளின் கூட்டமைப்பான அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் பட்டத்தை வென்றார். 1962இல் அந்த அணி நாட்டின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக லூயிவில் நகருக்குச் சென்று, ஜெர்ரி லூகாஸும் ஜான் ஹாவ்லிசெக்கும் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டிடம் தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ அணியை 82-74 என்று வென்றது. யுசிஎல்ஏ பயிற்சியாளர் ஜான் வுடன் அந்தச் சுற்றுக்கு வந்தது அதுவே முதல் முறை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1975இல், வுடன் தம் பத்தாவது தேசியப் பட்டத்தை வென்று ஓய்வு பெற்றபோது, அதே சுற்றில் பேக்கர் முதல் முறையாக வர்ணனையாளர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். இந்த இணைவைப் படித்த இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அன்று தொடங்கி 2008 வரை, முதலில் என்பிசி தொலைக்காட்சியிலும் 1981க்குப் பிறகு சிபிஎஸ்ஸிலும், தொடர்ந்து 34 ஆண்டுகள் அந்தக் கடைசிச் சுற்றை அவர் வர்ணித்தார். நான் கோபத்தோடு கேட்ட அந்த அரையிறுதியும், இரண்டு நாள் கழித்து கேன்சஸின் மரியோ சால்மர்ஸின் மூன்று புள்ளி வீச்சால் கூடுதல் நேரத்துக்குச் சென்ற இறுதியாட்டமும் அவருடைய கடைசி ஆட்டங்களாக அமைந்தன. அவர் குரலை நான் நேரலையில் கேட்டது அந்த ஒரே பருவத்தில்தான் என்பதை இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது.

வின்ஸ்டன்-சேலம், வட கரோலினா:

சேலம் மாவட்டத்தில் பிறந்த எனக்கு, பெயரிலேயே சேலத்தை வைத்திருக்கும் இந்த ஊரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழக் கிடைத்தது. இங்கே பேக்கரைப் பற்றி முதியவர்கள் சொல்லக் கேட்டவற்றுள், தொலைக்காட்சியோடு தொடர்பே இல்லாத ஒன்றுதான் என் நெஞ்சில் நிற்கிறது.

1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேக் ஃபாரஸ்ட் வெள்ளை மாணவர்களுக்கு மட்டுமான கல்லூரி. ஊரின் மறுபுறம், கறுப்பின மாணவர்களுக்கான வின்ஸ்டன்-சேலம் ஆசிரியர் கல்லூரி, பிக் ஹவுஸ் என்று அழைக்கப்பட்ட கிளாரன்ஸ் கெய்ன்ஸின் பயிற்சியில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே கிளியோ ஹில் என்ற ஆட்டக்காரரின் திறமையைக் கேள்விப்பட்ட பேக்கர், அதை நேரில் காண வேண்டும் என்று தனியாகவே அந்த அரங்குக்குச் சென்றார். கூட்டத்தில் தனித்துத் தெரிந்த அந்த வெள்ளை இளைஞரை, கெய்ன்ஸ் அழைத்துத் தம் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். பிறகு இரு கல்லூரிகளின் ஆட்டக்காரர்களும் பார்வையாளர்கள் இல்லாமல், செய்தித்தாளுக்குத் தெரியாமல், தங்களுக்குள் ஆடிப் பார்த்தார்கள். இதே ஊரில் 1960 பிப்ரவரியில், உணவுக் கடையில் சேர்ந்து அமர்ந்த குற்றத்துக்காக இரு கல்லூரி மாணவர்களும் ஒன்றாகக் கைது செய்யப்பட்டார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், பூட்டிய கதவுக்குப் பின்னே ஆடிய அந்த ஆட்டங்களின் கனம் புரியும். கிளியோ ஹில் 1961இல் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் அணிக்கு முதல் சுற்றிலேயே தேர்வானார்.

பேக்கர் சில காலம் வேக் ஃபாரஸ்டின் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டுத் தொழிலுக்குப் போனவர். 1972இல் ராலேயில் ஓர் ஆட்டத்துக்கு வர்ணனையாளர் தேவைப்பட்டபோது மாற்றாளாகத்தான் முதலில் அழைக்கப்பட்டார். பிறகு ஜிம் தாக்கரும் அவரும் சேர்ந்து இந்த வட்டாரத்து ஆட்டங்களை வர்ணித்ததை, பெயர்களின் ஓசை ஒத்துப்போவதால், தாக்கர்-பேக்கர் என்று ஒரே மூச்சில் இன்றும் சொல்கிறார்கள். புகழ் வந்த பின்பும் மனைத் தொழிலையும் முதலீடுகளையும் அவர் கைவிடவில்லை. வாய்க்கு வந்ததை அல்ல, மனத்துக்குப் பட்டதைச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்ததற்கு, பிழைப்பு ஒலிவாங்கியை மட்டும் நம்பியிருக்காததும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஃபிலடெல்ஃபியா:

மேலே எழுதிய இருவரின் அன்பையும் மதிக்கிறேன், ஆனால் எங்கள் ஊரின் அனுபவம் வேறு. 2004இல் இங்குள்ள செயின்ட் ஜோசப்ஸ் என்ற சிறிய கல்லூரி, ஜமீர் நெல்சனின் தலைமையில், வழக்கமான பருவத்தின் 27 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அந்தக் கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த நாங்கள், கூடைப்பந்து தெரியாத என் மனைவி உட்பட, அந்தக் குளிர்காலம் முழுவதும் அதே நினைவாக இருந்தோம். தேசியப் போட்டி தொடங்கும் முன் வகுக்கப்படும் வரிசையில் அந்த அணிக்கு மண்டல முதலிடம் கொடுக்கப்பட்டபோது, அதற்குத் தகுதி இல்லை என்று பேக்கர் தொலைக்காட்சியில் கூறினார். எங்கள் வீட்டுக்குள் வந்து ஒருவர் எங்களை இகழ்ந்தது போல இருந்தது. அணி கடைசி எட்டு வரை சென்று, ஒக்லஹோமா ஸ்டேட்டிடம் 64-62 என்று தோற்றது. 2006இலும் சிறிய கல்லூரிகளுக்கு இடம் கொடுத்ததை அவர் கேள்வி கேட்டார். அந்த ஆண்டு ஜார்ஜ் மேசன் கடைசி நான்குக்கே சென்றுவிட்டது.

1996இல் ஜார்ஜ்டவுனின் ஆலன் ஐவர்சனைப் பாராட்ட எண்ணி, கறுப்பின ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்லவே கூடாத ஒரு விலங்கின் பெயரை அவர் பயன்படுத்தியதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அவர் மன்னிப்புக் கேட்டார், பயிற்சியாளர் ஜான் தாம்சனும் அவருக்கு ஆதரவாக நின்றார். கிளியோ ஹில்லைத் தேடிச் சென்ற இளைஞரைப் பற்றி இன்றுதான் முதல் முறையாக அறிகிறேன், இரண்டும் ஒரே மனிதர் என்பதை ஏற்க எனக்குச் சிறிது நேரம் தேவைப்படுகிறது.

ராலே, வட கரோலினா:

ஃபிலடெல்ஃபியா அன்பருக்கு: உங்கள் வருத்தம் நியாயமானது, அதை நான் மறுக்கப் போவதில்லை. 2008 அரையிறுதிக் கோபம் எனக்குள்ளும் முழுவதும் ஆறவில்லை.

2023 ஜனவரி 26 அன்று, 82ஆம் வயதில், சார்லட்டில் அவர் காலமான செய்தி வந்த வாரம், 1979 இறுதியாட்டத்தின் பதிவை என் மகனோடு அமர்ந்து முழுவதுமாகப் பார்த்தேன். மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டும் லாரி பேர்டின் இண்டியானா ஸ்டேட்டும் மோதிய அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சி உள்ள வீடுகளில் 24.1 விழுக்காட்டினர் பார்த்தார்கள், அந்த அளவைக் கல்லூரிக் கூடைப்பந்தில் வேறெந்த ஆட்டமும் எட்டியதில்லை. டிக் என்பெர்க், அல் மெக்குவயர், பேக்கர் ஆகிய மூவரும் வர்ணனையில் இருந்தார்கள். மிச்சிகன் ஸ்டேட்டின் தடுப்பு வளையத்துக்குள் சிக்கிய பேர்டால் 21 வீச்சுகளில் 7 வீச்சுகளை மட்டுமே கூடைக்குள் போட முடிந்தது. பந்து இல்லாத பக்கத்தில் யார் எங்கே நகர்கிறார்கள் என்று அன்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தான், பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் இரவு பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.