ஜிஎஸ் பிரோட்டர்: உருவான 847இல் மிஞ்சியவற்றைப் பட்டியலிடுவது எப்படி?

நூலகப்பூனை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பிரான்சில் ஒரு நகராட்சி நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் வேலை செய்கிறேன். காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். ஆனால் ஒரு பொருளுக்குப் பதிவு எழுதி வரிசைப்படுத்துவது என் தொழில்.

பழைய கார்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு ஒன்றில், சக்கர வளைவுகள் புடைத்த ஒரு சிட்ரோயன் ஜிஎஸ்ஸைப் பார்த்தேன். அது, பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் ரோட்டர் கொண்ட வாங்கெல் எஞ்சின் பொருத்திய பிரோட்டர் என்றார் அதன் உரிமையாளர். 1973 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அடுத்த மாதமே மத்தியக் கிழக்கில் போர் மூண்டு பெட்ரோல் விலை ஏறியது. இதுவோ பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் வண்டி, விலையும் ஏறத்தாழ சிட்ரோயனின் பெரிய காரான டிஎஸ்ஸின் விலை. 1975க்குள் 847 வண்டிகளோடு உற்பத்தி நின்றுவிட்டது. உதிரிபாகம் தரும் பொறுப்பிலிருந்து விடுபடுவதற்காக, விற்றவற்றை நிறுவனமே திரும்ப வாங்கி நசுக்கியதாம்.

ஆக, மிஞ்சியவை எத்தனை? இணையத்தில் ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்கிறார்கள். எப்படி எண்ணினார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. நானே ஓர் அட்டவணை தொடங்கியிருக்கிறேன்: பதிவு எண், நிறம், ஊர், உரிமையாளர் பெயர், புகைப்படம். இப்போதே மூன்று வரிசைகள் ஒரே காரோ என்று ஐயம் வருகிறது. எதை அடிப்படை அடையாளமாகக் கொள்வது? எஞ்சின் மாற்றிய வண்டியை மிஞ்சியதாகக் கணக்கிடலாமா? எங்கே தேடுவது?

ஓரமாய்நிற்பவன் எழுதியது:

ஒரு கேள்வி. எதற்கு இந்தப் பட்டியல்? இவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது என்று ஒரு சிறிய எண்ணை அச்சிட்டுவிட்டால் விலை ஏறும். விலை ஏறினால் தரகர்கள் வருவார்கள். ஐம்பது வருடமாக ஒரு வண்டியைக் கொட்டகையில் வைத்துக் காத்தவரின் வாசலில் அந்நியர்கள் போய் நிற்பார்கள். அவரை நிம்மதியாக விட்டுவிடலாமே.

மூன்றாம்கியர் எழுதியது:

நூலகப்பூனை, பிரோட்டருக்கு முன் வாங்கெல் எஞ்சினோடு வந்த சிட்ரோயன் எம்35, பிரோட்டர் இரண்டையும் பல வருடங்களாகக் குறித்து வருபவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையின் அடிப்படையையே மாற்றுங்கள். ஒரு காருக்கு ஒரு வரிசை என்று போடாதீர்கள். ஒருவர் அதைப் பார்த்ததற்கு ஒரு வரிசை போடுங்கள்: யார், எந்தத் தேதியில், எந்த மாவட்டத்தில், கண்ணால் எதைப் பார்த்தார். ஒரே வண்டி ஐந்து தடவை தென்பட்டால் ஐந்து வரிசை. ஐந்தும் ஒன்றுதான் என்று நிரூபணமாகும் அன்று உடலில் பொறித்த ஒரே சேசிஸ் எண்ணின் கீழே அவற்றைச் சேருங்கள். தொடக்கத்திலேயே உத்தேசமாக ஒன்றாக்கிவிட்டால், பிறகு எதை எதோடு கலந்தீர்கள் என்று உங்களாலேயே பிரிக்க முடியாது.

பதிவு எண்ணை அடையாளமாகக் கொள்வது பிரான்சில் ஆகாத காரியம். 1950இல் வந்த முறையில் எண்ணின் கடைசிப் பகுதி மாவட்டத்தைக் குறிக்கும்: 75 பாரிஸ், 69 ரோன், 13 பூஷ் துய் ரோன். உரிமையாளர் மாவட்டம் மாறினால் வண்டிக்கும் புதிய எண். அதே மாவட்டத்துக்குள் கைமாறினால் பழைய எண்ணே தொடரும். 2009இல் எஸ்ஐவி என்ற புதிய பதிவு முறை வந்த பிறகுதான் ஒரே எண் வண்டியோடு ஆயுள் முழுவதும் இருக்கிறது. ஆகவே, பாரிஸில் பதிவாகி, லியோனில் விற்கப்பட்டு, மார்செய்யில் ஓய்ந்து, 2012இல் மறுபடி கைமாறிய ஒரே பிரோட்டர் நான்கு எண்களோடு நான்கு படங்களில் இருக்கும். நீங்கள் ஐயப்படும் அந்த மூன்று வரிசைகளும் இப்படிப்பட்டவையாக இருக்கலாம்.

இதையே திருப்பிப் பாருங்கள். பழைய முறை எண்ணோடு ஒரு வண்டி இன்றும் நிற்கிறது என்றால், 2009க்குப் பிறகு பதிவில் உரிமையாளர் பெயரும் மாறவில்லை, முகவரியும் மாறவில்லை. அநேகமாக ஒரே வீட்டில் கிடக்கிறது. நான் முதலில் தேடிப் போவது இத்தகைய வண்டிகளைத்தான். கறுப்புத் தகட்டைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். 'கொலெக்சியோன்' (பழங்கால வண்டி) வகையில் பதிவான வண்டிக்கு இன்றைய எண்ணையே கறுப்புத் தகட்டில் எழுத அனுமதி உண்டு. தகட்டின் நிறம் எதையும் நிரூபிக்காது, எண்ணின் அமைப்பைப் பாருங்கள்.

கொட்டகையில் ஒரு வண்டியைக் கண்டால் எல்லோரும் பக்கவாட்டிலிருந்து அழகாகப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் முன்கண்ணாடியின் மூலையை எடுங்கள். அங்கேதான் வண்டியின் நாட்குறிப்பு இருக்கிறது. 2000 வரை தனியார் வண்டிக்கும் சாலை வரி உண்டு, அதற்காகக் கண்ணாடியில் ஒட்டும் வில்லையில் ஆண்டு இருக்கும். 1986 முதல் 2024 மார்ச் வரை பச்சை நிறக் காப்பீட்டு வில்லை கட்டாயம். அதில் பதிவு எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். கட்டாயத் தொழில்நுட்பச் சோதனை 1992இல் வந்தது, அதற்கும் ஒரு வில்லை. காப்பீடு 1991இல் முடிந்து, சோதனை வில்லையே ஒட்டப்படாமல் இருந்தால், அந்த வண்டி ஓட்டம் நின்று எவ்வளவு காலம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. தகடு கழன்று தொலைந்துபோயிருந்தால்கூடப் பதிவு எண் அந்தப் பச்சை வில்லையில் கிடைக்கும்.

பழைய விளம்பரத் துணுக்குகளும் பயன்படும். 'லா வி தெ லோட்டோ' வார இதழின் சிறு விளம்பரப் பக்கங்களைப் புரட்டுங்கள், உங்கள் நூலகச் சகாக்கள் உதவுவார்கள். யாரோ கத்தரித்து வைத்த, தேதியில்லாத துணுக்கு கிடைத்தால் தொலைபேசி எண்ணை எண்ணிப் பாருங்கள். எட்டு இலக்கம் என்றால் அநேகமாக 1985 அக்டோபருக்கும் 1996 அக்டோபருக்கும் இடையில் வந்தது. பத்து இலக்கம் என்றால் அதற்குப் பின். லெபோன்குவான் போன்ற தளங்களில் விளம்பரம் தென்பட்ட நொடியிலேயே படத்தோடு சேமித்துவிடுங்கள். விற்றதும் நீக்கிவிடுவார்கள், ஓர் ஆதாரம் அதோடு போய்விடும்.

அடுத்தது 1994. அந்த ஆண்டு பிப்ரவரியில் பலாதூர் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பத்து வயது தாண்டிய காரை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினால் 5,000 பிராங்க் தருவார்கள். அது முடிந்ததும் ஜுப்பே அரசு எட்டு வயதாகக் குறைத்து 1996 வரை நீட்டித்தது. நிறுவனத்திடமிருந்து அப்பா ஒளித்துக் காப்பாற்றிய வண்டியை மகன் 5,000 பிராங்குக்காகத் தள்ளிக்கொண்டு போய் ஒப்படைத்த காலம் அது. எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆகவே ஒரு வண்டிக்கு 1994க்கு முந்தைய படம் மட்டுமே ஆதாரம் என்றால், மிஞ்சியது என்று எழுதாதீர்கள். 'கடைசியாகப் பார்த்தது இன்ன ஆண்டு' என்று மட்டும் எழுதுங்கள். உடைக்கப்பட்டது உறுதியானால் அதையும் பதிவு செய்யுங்கள். இறந்த வண்டிகளின் எண்களும் பட்டியலில் இருந்தால்தான், அதே எண் வேறொரு வண்டியில் மறுபிறவி எடுக்கும்போது பிடிக்க முடியும்.

நிறுவனம் நசுக்கச் சொன்னது என்பதற்காக எல்லாம் நசுங்கிவிட்டன என்று நம்பவும் வேண்டாம். 1939இல் சிட்ரோயனின் மலிவுக் காரான 2சிவியின் முன்மாதிரிகள் சுமார் 250 உருவாயின. போர் மூண்டதும் அவற்றை அழிக்க ஆணையிட்டார்கள். 1990களின் நடுவில் நிறுவனத்தின் லா ஃபெர்த்தே விதாம் சோதனைத் தளத்தில் ஒரு களஞ்சியத்தின் பரண்மேல் அவற்றில் மூன்று இருந்தன. ஆணை பிறப்பிப்பவர் ஒருவர், வண்டியைக் கையில் வைத்திருப்பவர் வேறொருவர். எம்35 கதையும் இதுதான். 1969 முதல் 1971 வரை 267 செய்தார்கள், முன் ஃபெண்டரில் 'முன்மாதிரி' என்று வரிசை எண்ணோடு எழுதி, நிறைய ஓட்டுகிற நம்பிக்கையான வாடிக்கையாளர்களுக்கு விற்றார்கள், பிறகு திரும்பக் கேட்டார்கள். எல்லோருமா கொடுத்தார்கள்? காணாமல்போன பூகாட்டி அட்லான்டிக் என்ற அரிய காரைத் தேட உலகமே வரிசையில் நிற்கிறது. பழுப்பு நிற பிரோட்டரைத் தேட உங்களையும் என்னையும் விட்டால் ஆளில்லை.

எஞ்சின் மாற்றியதைக் கணக்கிடலாமா என்று கேட்டீர்கள். என் கட்சி இது: எண் பொறித்த உடல் இருந்தால் அது மிஞ்சியதுதான். வாங்கெல் எஞ்சின் தேய்ந்து, சாதாரண ஜிஎஸ்ஸின் நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினாலும் அது பிரோட்டர் பட்டியலில் இருக்கவேண்டும். எஞ்சின் என்ன ஆயிற்று என்பது வேறு பத்தி.

ஓரமாய்நிற்பவனுக்கு: பாதி உண்மை சொல்கிறீர்கள். அதனால்தான் என் குறிப்புகளில் ஊர் கிடையாது, மாவட்டம் மட்டும். உரிமையாளர் பெயர் அட்டவணையிலேயே இல்லை, தனித் தாளில் இருக்கிறது. வெளியே காட்டுவதில் முழுச் சேசிஸ் எண்ணும் இருக்காது, ஏனென்றால் போலி செய்பவனுக்குத் தேவைப்படுவதே அதுதான். நூலகப்பூனை, உங்கள் அட்டவணையிலிருந்து பெயர்ப் பத்தியை இன்றே எடுத்துவிடுங்கள். ஒருவரின் பெயரையும் ஊரையும் அவர் அனுமதியின்றி வெளியிடுவதற்கு ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இடம் கொடுக்காது.

எண்ணெய்க்கறை எழுதியது:

மூன்றாம்கியர் ஐயா காகிதப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் இரும்புப் பக்கம்.

சக்கர வளைவு புடைத்திருந்தால் பிரோட்டர் என்று முடிவு கட்டாதீர்கள், தகடு அடித்து யாரும் புடைக்க வைக்கலாம். சக்கரத்தைப் பாருங்கள். சாதாரண ஜிஎஸ்ஸில் மூன்று போல்ட், பிரோட்டரில் ஐந்து. குனிந்து பார்க்க அனுமதி கிடைத்தால் முன் பிரேக்கையும் பாருங்கள். ஜிஎஸ்ஸில் டிஸ்க் கியர்பெட்டியை ஒட்டி உள்ளே இருக்கும், பிரோட்டரில் சக்கரத்திலேயே இருக்கும். கியர் மூன்றுதான், கிளட்ச் மிதி கிடையாது. வண்டியின் தயாரிப்பாளர் தகட்டிலும் கார்ட் கிரீஸிலும் (பதிவுச் சான்றிதழ்) வகை ஜிஇசட் என்று தொடங்கவேண்டும். இத்தனையையும் ஒருவர் போலி செய்கிறார் என்றால் அவருக்கு ஒரிஜினல் வாங்கியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும்.

எஞ்சின் எண்ணைச் சேசிஸ் எண்ணோடு ஒட்டவே ஒட்டாதீர்கள். இந்த 624 வகை எஞ்சின் கோமோட்டர் என்ற கூட்டு நிறுவனத்தின் தயாரிப்பு, ஆலை ஜெர்மனியின் சார்லாந்தில் இருந்தது. டச்சுக்காரர்களின் வான் வீன் ஓசிஆர் 1000 மோட்டார் சைக்கிளிலும் இதே வகைதான். ஆகவே ஒரு எஞ்சின் தனியாகக் கிடைத்தால் அதற்குப் பின்னால் ஒரு கார் இறந்திருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அது காரைப் பார்த்ததாகவே இருக்காது.

இன்னொன்று. 'எஞ்சின் நன்றாக இருக்கிறது' என்று உரிமையாளர் சொல்வதைக் குறிக்காதீர்கள். ரோட்டரின் முனை சீல் தேய்ந்தால் சூடானபின் கிளம்பாது. குளிர்ந்த எஞ்சினில் எல்லாம் சுகமாகத்தான் ஒலிக்கும். ஒவ்வொரு ரோட்டரின் மூன்று அறைகளையும் தனித்தனியே காட்டும் அழுத்தச் சோதனை நடந்திருந்தால் மட்டும் அதை எழுதுங்கள்.

நூலகப்பூனை எழுதியது:

ஐயா, எண்ணெய்க்கறை, இருவருக்கும் நன்றி. பெயர்ப் பத்தியை எடுத்துவிட்டேன். பார்த்ததற்கு ஒரு வரிசை என்பது எங்கள் தொழிலிலும் பழக்கமானதுதான், ஒரு நூல் வேறு, அலமாரியில் இருக்கும் அதன் படி வேறு.

இரண்டு ஐயங்கள். ஒருவர் வண்டியே இல்லாமல் பிரோட்டரின் கார்ட் கிரீஸை மட்டும் விற்பதாக எழுதியிருக்கிறார். அதைப் பதிவு செய்யலாமா? இன்னொன்று, ஜெர்மனியில் விற்ற வண்டிகள் இப்போது பிரெஞ்சுச் சந்தைக்கு வந்திருந்தால் எப்படிப் பிரித்தறிவது?

ஓரமாய்நிற்பவன் எழுதியது:

ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம் என்றால் எனக்கு மறுப்பில்லை. என் பக்கத்து மாவட்டத்தில் ஒன்று தெரியும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அவர் வேண்டாம் என்றால் நான் எதையும் பார்க்கவில்லை.

மூன்றாம்கியர் எழுதியது:

அப்படியே ஆகட்டும். மறுத்தால் மறுத்ததுதான், வற்புறுத்தாதீர்கள்.

காகிதம் மட்டும் என்றால் கட்டாயம் பதிவு செய்யுங்கள், 'காகிதம் மட்டும்' என்ற நிலையோடு. அந்த விளம்பரப் படத்தை இன்றே சேமியுங்கள். வண்டியில்லாக் காகிதத்தை வாங்குபவர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போவதில்லை. நாளை அதே எண் ஓர் உடலில் தோன்றினால், இன்ன மாதம் அது வெறும் காகிதமாக இருந்தது என்பதற்கு உங்கள் வரிசைதான் சாட்சி.

ஜெர்மனி வண்டிகளுக்குப் பழைய வண்ணப் படம் இருந்தால் முகப்பு விளக்கைப் பாருங்கள். 1993 வரை பிரான்சில் மஞ்சள் வெளிச்சம் கட்டாயம், ஜெர்மனியில் வெள்ளை. இன்றைய படத்தில் இது உதவாது, ஆசைக்காக மஞ்சள் பல்பு மாட்டுபவர்கள் அதிகம். கார்ட் கிரீஸில் 'பி' (B) என்ற இடத்தில் முதல் பதிவுத் தேதி 1974 என்றிருந்து, அதற்கு முன் எந்தப் பிரெஞ்சு எண்ணின் தடயமும் இல்லாமல் நேராக எஸ்ஐவி எண்ணில் தொடங்கினால், வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று உரிமையாளரைக் கேளுங்கள். பெரும்பாலும் மறைக்கமாட்டார்.

நீங்கள் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியின் தகட்டுப் படம் இருந்தால் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், என் குறிப்போடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். படத்தைச் சுருக்காமல் அனுப்பவும். போன தடவை ஒருவர் அனுப்பியதில் 3 எது, 8 எது என்று தெரியவில்லை.