சாவி திருப்பினா டிக்டிக்னு சத்தம், ஸ்டார்ட் ஆகல

கேள்வி: பெட்ரோல் கார், மேனுவல் கியர், பேட்டரிக்கு நாலு வயசு. சாவியைத் திருப்பினா டிக்டிக்டிக்னு வேகமா சத்தம், டேஷ்போர்டு விளக்கு மங்குது. இன்ஜின் சுத்தவே இல்ல. ஸ்டார்டர் போயிடுச்சா?

பதில்: ஸ்டார்டர் மேல பழி போடாதீங்க. அடுக்கடுக்கா சத்தம் வந்தா கரண்ட் பத்தல. சோலனாய்டு (ஸ்டார்டருக்குக் கரண்ட் விடுற காந்த சுவிட்ச்) இழுக்குது, வோல்டேஜ் விழுது, விட்டுடுது, மறுபடி இழுக்குது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. வண்டி சில மணி நேரம் நின்ன பிறகு 12.6 காட்டினா முழு சார்ஜ், 12.2 பாதி, 12-க்குக் கீழ காலி. ஒருத்தர் சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழ இறங்கினா அனேகமா பேட்டரிதான்.

பதில்: 12.6 காட்டியும் அதே சத்தம்னா டெர்மினலை, அதாவது பேட்டரி மேல ஒயர் மாட்டுற முனையைப் பாருங்க. வெளியே பளிச்சுனு இருந்தாலும் கிளாம்ப்போட உள்பக்கம் கருத்திருக்கும். 10 எம்எம் ஸ்பேனர் போதும். முதல்ல மைனஸ் கழட்டணும். பிளஸ்ல கைவச்சா ஸ்பேனர் பாடியில பட்டு தீப்பொறி பறக்கும். வெந்நீர், சமையல் சோடா, அப்புறம் உப்புத்தாள். மாட்டும்போது பிளஸ் முதல்ல. கையால ஆட்டினா கிளாம்ப் அசையக்கூடாது. எர்த் ஸ்ட்ராப்பை (இன்ஜினை பேட்டரி மைனஸோட சேர்க்கிற ஒயர்) யாரும் பாக்கறதே இல்ல: பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் இரும்புக்கும் மீட்டர் வச்சு கிராங்க் பண்ணுங்க (ஸ்டார்ட் பண்ண சாவி திருப்புங்க), 0.5 வோல்ட்டைத் தாண்டினா அதுதான் கோளாறு.

பதில்: ஒரே ஒரு 'டக்', விளக்கும் மங்கலைன்னா அப்போ ஸ்டார்டரைச் சந்தேகப்படலாம். சோலனாய்டு கான்டாக்டோ, ஸ்டார்டருக்குள்ள இருக்கிற கார்பன் பிரஷ்ஷோ தேய்ஞ்சிருக்கும். ஜம்ப் பண்ணி (வேற பேட்டரியில இருந்து ஒயர் போட்டு) ஸ்டார்ட் ஆச்சுன்னா உடனே பேட்டரி கடைக்கு ஓடாதீங்க. இன்ஜின் ஓடும்போது பேட்டரில 13.8 முதல் 14.5 வரணும். 12.5-லயே நின்னா ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கிற பாகம்) சார்ஜ் ஏத்தல. புது பேட்டரியும் சீக்கிரமே படுத்துடும்.