வாழ்நாள் கோல்டு தகுதிக்குப் பெயர் தடையாக நிற்கிறது, உதவி தேவை

ஒன்வேர்ல்டு கூட்டணியைச் சேர்ந்த ஒரு விமான நிறுவனத்தின் அடிக்கடி பறப்பவர்களுக்கான திட்டத்தில் வாழ்நாள் கோல்டுக்கு, அதாவது ஆயுள் முழுவதும் நிலைக்கும் உயர்நிலை உறுப்பினர் தகுதிக்கு, மிக அருகில் இருக்கிறேன். ஆனால் போன வருடத்திலிருந்து சென்னை–லண்டன், சென்னை–கோலாலம்பூர் பயணங்களின் புள்ளிகள் கணக்கில் ஏறவில்லை. காசு கொடுத்து வாங்கும் புள்ளிகள் இதற்குச் செல்லாது. பறந்ததுதான் கணக்கு, அதனால் ஒன்றையும் விட மனமில்லை.

பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, என் பெயர் மட்டும்தான். புதுப்பித்தபோது இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டார்கள். இப்போது போர்டிங் பாஸில் அப்பா பெயர், ஒரு சாய்கோடு, அப்புறம் என் பெயரோடு ஒட்டிக்கொண்டு மிஸ்டர். திட்டத்தின் கணக்கிலோ, பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாததால், என் பெயரே இரண்டு முறை இருக்கிறது.

13 இலக்க இ-டிக்கெட் எண், போர்டிங் பாஸ் படம் எல்லாம் வைத்து விடுபட்ட புள்ளிகளைக் கேட்டு விண்ணப்பித்தேன். பெயர் பொருந்தவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். மீனம்பாக்கம் கவுன்டரில் தங்களால் முடியாது என்றார்கள். கால் சென்டரில் திருமணச் சான்றிதழோ பெயர் மாற்ற ஆவணமோ கேட்கிறார்கள். நான் பெயரையே மாற்றவில்லையே! இரண்டு பாஸ்போர்ட் நகலையும் அனுப்பினேன், அதே பதில்தான். கோரிக்கைக்கான கெடு வேறு நெருங்குகிறது.

இனிஷியல் விரிந்த இதே சிக்கலில் கணக்குப் பெயரைத் திருத்தியவர்கள் சொல்லுங்கள்: இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம் போதுமா, அரசிதழ் அறிவிப்பு வரை போக வேண்டியிருந்ததா?