மலக்குடல் நியூரோஎண்டோகிரைன் கட்டி: அகற்றிய பிறகும் ஸ்கேன் எதற்கு?

கோத்தகிரியிலிருந்து கேள்வி:
வணக்கம். மலத்துடன் இரத்தம் போனதால் என் தந்தைக்குக் கோயம்புத்தூரில் கொலோனோஸ்கோபி செய்தபோது, மூலநோயுடன், மலக்குடலில் மஞ்சள் நிறத்தில் வழவழப்பான 12 மி.மீ. கட்டியும் தென்பட்டு, அப்போதே அகற்றப்பட்டது. நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றுவது), முதல் தரம், கேஐ-67 (பெருகும் செல்களின் அளவு) 2 சதவீதம், வெட்டு விளிம்பில் கட்டி மிச்சமுண்டா என்பது தெளிவாக இல்லை என்கிறது பயாப்சி அறிக்கை. மருத்துவர் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டும் (குழாயைக் குடலுக்குள் செலுத்தி எடுக்கும் ஸ்கேன்) இடுப்பு எம்.ஆர்.ஐ.யும் எழுதியிருக்கிறார். உறவினர்களோ, பெட் ஸ்கேன் ஒன்றே போதும், எதற்கு இரண்டு முறை மலையிறங்க வேண்டும் என்கிறார்கள். எது சரி?

குன்னூர், ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்:
ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது, ஐயா. இவ்வகைக் கட்டி சளிச்சவ்வுக்கு அடியில் வளர்வது. எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டில் குடற்சுவர் ஐந்து அடுக்குகளாகத் தெரியும். மிச்சம் ஏதேனும் இருந்தால், வெளுத்த மூன்றாம் அடுக்கில் கறுத்த திட்டாகப் புலப்படும். புதிய தழும்பும் அப்படியே தோன்றக்கூடும் என்பதால், கட்டியை அகற்றிய தேதியைப் பரிசோதிப்பவரிடம் அவசியம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. பார்ப்பது மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களை. 10 மி.மீ.க்குக் குறைவான முதல் தரக் கட்டி முழுதாக அகற்றப்பட்டிருந்தால் பொதுவாக இவ்வளவு தேவைப்படாது. உங்கள் தந்தைக்கு அளவும் தாண்டியிருக்கிறது, விளிம்பும் தெளிவில்லை.

கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அது உடலில் எங்கே சேர்கிறது என்று படமெடுப்பது பெட் ஸ்கேன். அதிலும் வகை உண்டு. வழக்கமான சர்க்கரை பெட்டில் மெதுவாக வளரும் முதல் தரக் கட்டி பெரும்பாலும் ஒளிராது. அதன் செல்களில் உள்ள சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பிகளில் போய் ஒட்டும் கேலியம்-68 டோட்டாடேட் அல்லது டோட்டானாக் மருந்துதான் இதற்கு ஏற்றது. கணுக்களுக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்கிறதா என்பதை அது நன்றாகக் காட்டும். ஆனாலும் குடற்சுவரில் ஓரிரு மி.மீ. மிச்சம் இருந்தால் அதிலும் தப்பிவிடும்.

கூடலூர் வாசகர்:
என் தாயாருக்கு இரண்டும் எடுத்தோம். எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டுக்கு முன் எனிமா கொடுப்பார்கள். அதை வீட்டில் முடித்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது பெரும் அவதி. முந்தைய இரவே கீழே தங்கிவிடுங்கள். பெட் எழுதினாலும் அப்படியே செய்யுங்கள்: கேலியம்-68-இன் கதிரியக்கம் ஏறத்தாழ 68 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும், அன்றன்றே தயாரிப்பார்கள், மலைப்பாதையில் லாரி குறுக்கே நின்று நீங்கள் தாமதித்தால், அந்த மருந்து காத்திராது.

கோத்தகிரி:
இருவருக்கும் நன்றி. போகும்போது வேறு என்ன கேட்க வேண்டும்?

குன்னூர்:
கட்டியை அகற்றிய இடத்தில் மை குத்தி அடையாளம் வைத்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் நாள் கடத்தாதீர்கள். தழும்பு ஆறிய பிறகு அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே கடினம். விளிம்பு பற்றித் தெளிவு பெற, பயாப்சி ஸ்லைடுகளை இன்னொரு நோய்க்கூறியல் நிபுணர் பார்க்கலாமா என்றும் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.