புதுப்பிப்பு: ஓடும்போதே நின்றுபோகும் கார்

ஒன்பது லட்சம் கொடுத்து வாங்கிய கார் 14 மாதத்தில் ஐந்து முறை நடுவழியில் நின்றுபோனதையும், ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டர் 'கோளாறு இல்லை' என்று எழுதித் திருப்பித் தந்ததையும் முன்பு சொல்லியிருந்தேன்.

ஆறாவது முறை கத்திப்பாரா மேம்பாலத்தில் நின்றது. நல்லவேளை, இந்த முறை அவர்களுடைய மெக்கானிக்கே பக்கத்து இருக்கையில் இருந்தார். பின்னால் லாரியின் ஹாரன். அவர் டேஷ்போர்டை இறுகப் பிடித்துக்கொண்டார். அன்றுதான் ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் பழுதுப் பதிவுச் சீட்டு) 'எரிபொருள் பம்ப்' என்ற சொல் முதன்முதலாக ஏறியது!

பம்பை இலவசமாக மாற்றினார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பப் பழுதாகும் காருக்கு மாற்றுக் காரோ பணமோ பெற்றுத்தரும் அமெரிக்காவின் 'லெமன் சட்டம்' போல ஒன்று இங்கே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் கைகொடுக்க வேண்டும். நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுத்துவிட்டேன். கட்டணம் 200 ரூபாய்தான். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடவில்லை.

ரீகால் (குறையுள்ள வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) பற்றிக் கேட்டவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் அரசே உத்தரவிடலாம். ஆனால் உரிமையாளர்களின் புகாரை வைத்து உத்தரவிட, பலருடைய புகார் சேர வேண்டும். என் ஒருவன் புகார் போதாது. ஆறு ஜாப் கார்டுகளின் நகலும் மனுவோடு போயிருக்கின்றன. அடுத்த மாதம் விசாரணை.